தெக்லேயின் காலுறைச் சோதனை

ஐந்து ஊசிகளையும் மடியில் பரப்பிக்கொண்டு, மின்சாரக் காரின் கதவை இழுத்துச் சாத்தி, ஹீட்டரை இருபத்திரண்டு டிகிரியில் வைத்துவிட்டு, தெக்லே காலுறை பின்ன ஆரம்பிக்கிறாள். கார் நகரவில்லை. நகர்த்தச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. விற்க வந்த நான் வெளியே பனிச்சேற்றில் நின்று விறைக்கிறேன். வாங்க வந்தவள் என் காருக்குள் சூடாக உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி வழியே அவள் தலைத்துணியும் ஆடுகிற முழங்கைகளும்தான் தெரிகின்றன. காலுறை குதிகால்வரை இறங்கியதும் நிமிர்ந்து, திரையில் பேட்டரி எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு "ம்ம்" என்பாள். அந்த "ம்ம்" நல்லதா கெட்டதா என்பது எங்கள் மரியாம்போலே பழைய கார்ச் சந்தையில் எவனுக்கும் தெரியாது.

"ஓட்டிப் பாக்கலாமே, தெக்லே" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஓடுறதுல என்ன இருக்கு? எல்லாக் காரும் ஓடத்தான் செய்யும். நிக்கிறப்ப என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

வயது அறுபத்து மூன்று. எங்கள் சந்தைக்கு அவள் புதியவள் இல்லை. எப்போதோ ஒரு குழந்தை படுத்திருந்த பழைய தள்ளுவண்டியில் பாலாடைக்கட்டிகளை அடுக்கி, மேலே ஈரத்துணி போர்த்தி, கார் வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு வருவாள். எல்லாம் அவளுடைய இரண்டு மாடுகளின் பால். சோம்பு போட்டது ஒன்று, போடாதது ஒன்று. கத்தியால் வெட்டமாட்டாள், நூலைச் சுற்றி இழுத்து அறுப்பாள். பேரம் முற்றிய இடமாகப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவாள். விலை பேசிப் பேசித் தொண்டை வறண்டவனுக்குப் பசிக்கும் என்பது அவள் கணக்கு. அதனால் பதினைந்து வருடமாக நாங்கள் விட்ட அத்தனை புளுகும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஜெர்மனியில ஒரு வாத்தியாரம்மா மட்டும் ஓட்டின வண்டி, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போக மட்டும்தான் எடுப்பாங்க" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். பிறகு தன் குரலுக்கு வந்து, "அந்த வாத்தியாரம்மா இதுவரைக்கும் நானூறு காரு ஓட்டியிருக்கா. பாவம், எப்பத்தான் பாடம் நடத்தினாளோ" என்பாள். சுற்றி நிற்கிற வியாபாரிகள் சிரிப்பார்கள். அவர்கள் எல்லோரும் அதே வாத்தியாரம்மாவை வைத்துப் பிழைக்கிறவர்கள்தான்.

பொய் சொல்லும்போது ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் இடத்தில் அது வெளியே வந்துவிடும் என்பது அவள் கட்சி. என் பக்கத்து வரிசை கிண்டாரஸுக்குக் கையிலிருக்கும் சாவிக்கொத்து குலுங்குமாம். எனக்குக் காது சிவக்குமாம். நான் காதுமடல் வைத்த தொப்பி போடுவதே அதற்காகத்தானாம். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குளிரில் யாருக்கும்தான் காது சிவக்கும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத இந்தத் தலையையும் இந்தக் காதுகளையும் வைத்துக்கொண்டுதான் மூன்று பிள்ளைகளுக்கும் மாடி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். சிக்மாஸிடம் கார் வாங்கினேன் என்று சொல்ல ஜார்ஜியாவிலும் கசகஸ்தானிலும் ஆள் இருக்கிறது. இருந்தாலும் தெக்லே கண்ணைச் சுருக்கினால் என் கை தானாகத் தொப்பிக்குப் போய்விடும்.

அவளுக்குக் கார் வேண்டியிருந்தது தன் தம்பிக்காக. பிரானஸ் ஒரு காலத்தில் நல்ல எலெக்ட்ரீஷியன். மாட்டுக் கொட்டகையின் கூரையில் சோலார் பலகைகளைப் பதித்து, அக்கா வீட்டுக்குக் கரண்டுச் செலவே இல்லாமல் செய்தவன். இப்போது அவனுடைய சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் மரியாம்போலே ஆஸ்பத்திரிக்கு வந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகவேண்டும். வெளியே வரும்போது பல் அடித்துக்கொள்கிற அளவுக்கு அவனுக்கு நடுக்கம் எடுக்கும். கல்வாரியா என்கிற சிற்றூரைத் தாண்டி அவர்கள் கிராமம். இரண்டு பக்கமும் வெறும் வயல். காற்று கிளம்பினால் சாலை எது வயல் எது என்று தெரியாதபடி பனி மூடிவிடும். நவம்பரில் அவர்களுடைய பழைய டீசல் கார் படுத்தது, எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கொண்டுபோய் விட்டுவந்தான். ஜனவரி நடுவில் அவன் அயர்லாந்தில் இருக்கும் மகளிடம் போகிறான். அதற்குள் கார் வந்தாகவேண்டும். வருகிற கார் நடுவழியில் பனியில் சிக்கினாலும் பிரானஸைச் சூடாக வைத்திருக்கவேண்டும். அவளுடைய சோதனை முழுவதும் இதற்காகத்தான். எங்களுக்கு இது புரிய மூன்று வாரம் பிடித்தது.

கரண்டு சும்மா கிடைப்பதால் மின்சாரக் கார்தான் என்பதில் குழப்பமில்லை. யாரிடம் வாங்குவது என்பதில்தான் வாதம் கிளம்பியது. காரைத் தயாரித்த கம்பெனியே தன் பழைய கார்களைத் திரும்ப வாங்கி, பழுது பார்த்து, பேட்டரிக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்து, கௌனாஸ் நகரத்தில் ஒரு கண்ணாடிக் கூடத்தில் விற்கிறது. எங்களிடமும் அதே கார், அதே வருடத்தியது, விலை குறைச்சல்.

"அக்கா, அங்க போய் மாட்டிக்காதீங்க" என்றான் கிண்டாரஸ். "விலையைக் கல்லுல வெட்டி வச்சிருக்கான். நம்மகிட்டன்னா பேசலாம், திட்டலாம், ரெண்டு சாத்துக்கூட சாத்தலாம்."

"உன்னைத் திட்டுறதுக்கு நான் எதுக்குடா காரு வாங்கணும்? சும்மாவேதான் திட்டிட்டிருக்கேனே."

கடைசியில் என் நீலக் காரில் அவள் மனது ஒட்டியது. ஒட்டியது என்றுதான் நினைத்தேன். உறைபனியில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டாள். இருநூற்றைம்பது கிலோமீட்டர் தாராளமாகப் போகும் என்றேன்.

"தொப்பியைத் தூக்கு."

தூக்கினேன். பார்த்தாள். நூலை உருண்டையில் சுற்றி ஊசிகளைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சிக்மாஸ், நாளைக்கு என்னைக் கௌனாஸுக்குக் கூட்டிட்டுப் போ."

"எதுக்கு?"

"கம்பெனிக் காரைப் பாக்கணும்."

இத்தனை வருட வியாபாரத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "என் கடையை மூடிட்டு, உன்னை நானே அடுத்தவன் கடைக்குக் கூட்டிட்டுப் போய் விடணுமா?"

"ஒரே கேள்வியை ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணா நிக்க வச்சுக் கேக்கணும். நீ இங்க இருந்து, அவங்க அங்க இருந்தா எப்படிக் கேக்குறது?"

மறுநாள் காலையில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். கம்பெனிக்காரர்களுக்கு வியாபாரம் என்றால் என்னவென்று காட்டுகிற ஆசை எனக்கும் இருந்தது.

அந்தக் கூடத்தில் காரின் வாடையே இல்லை. தரையில் முகம் பார்க்கலாம். உக்னே என்று ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து இருக்கும், நகத்தில் வெளிர்நீலச் சாயம். சாம்பல் நிறக் கார் ஒன்றைக் காட்டினாள். தெக்லே அதைச் சுற்றிக்கூட வரவில்லை. "வெளிய கொண்டுபோய் நிறுத்தும்மா. உள்ள இருந்தா அதுக்கு என்ன தெரியும்" என்றாள். வெளியே மைனஸ் பதினொரு டிகிரி உறைபனி. காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இவள் ஏறி உட்கார்ந்து, ஹீட்டரை இருபத்திரண்டில் வைத்து, ஊசிகளை எடுத்தாள்.

"அம்மா என்ன பண்றாங்க?" என்று உக்னே என்னிடம் கேட்டாள்.

"சோதிக்கிறாங்க" என்றேன். ஏதோ நானே கற்றுக்கொடுத்தது போல எனக்கு ஒரு பெருமை வந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

குதிகால் வந்தது. தெக்லே இறங்கி வந்து எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். என் தொப்பியை முன்கூட்டியே கழற்றச் சொல்லிவிட்டாள்.

"ராத்திரி ரொம்பக் குளிர்ந்தா பேட்டரியை எப்படிக் கழட்டுறது? வீட்டுக்குள்ள அடுப்புக்குப் பின்னால வைக்கணும்."

எங்கள் ஊரில் எல்லோரும் டீசல் காருக்கு அப்படித்தான் செய்வோம். உறைபனி ராத்திரியில் பேட்டரியைக் கழற்றிக் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு உள்ளே வருவோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உக்னே சிரிக்கவில்லை. குனிந்து காரின் அடிவயிற்றைக் காட்டி, பேட்டரி இந்த நீளத்துக்குப் படுத்திருக்கிறது, ஒரு காளைமாட்டின் எடை இருக்கும், கழற்ற முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள்.

"அப்ப வண்டியையே உள்ள கொண்டு போகணும்" என்று தெக்லே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"வழியில நின்னுட்டா யாரு வருவாங்க?"

"எங்க நம்பருக்குக் கூப்பிடுங்க, வண்டி அனுப்புவோம்" என்றாள் உக்னே.

"நான் வருவேன்" என்றேன் நான்.

"நீ செத்துட்டா?"

"என் மருமகன் வருவான்."

"உன் மருமகன் நீ கூப்பிட்டாலே எடுக்க மாட்டான்." பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "இந்தக் காரு, கடுமையான குளிருல, உள்ள ஹீட்டரும் ஓடினா எவ்வளவு தூரம் போகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உக்னே சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் இதைக் குளிர்ல அவ்வளவு தூரம் ஓட்டினதில்ல. கம்பெனி ஒரு கணக்குப் போட்டுக் குடுத்திருக்கு. ஆனா அது உங்க ஊர்ச் சாலையில சரியா வருமான்னு எனக்குத் தெரியாது. பேட்டரியோட சக்தி சொன்ன அளவுக்குக் கீழ போனா மாத்திக் குடுப்போம். அது மட்டும் எனக்குத் தெரியும்."

தெக்லே அசையாமல் நின்றாள். அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், நகத்துச் சாயத்தைக்கூடப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஏதோ சர்ச்சுக்குள் நின்று பேசுவதுபோல, "கேட்டியா?" என்றாள்.

கேட்டேன். கார் விற்கிற ஒரு வாயிலிருந்து "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தை வந்து நானும்தான் கேட்டதில்லை. என் வாயிலிருந்து வந்ததும் கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினைந்து வருடம் சந்தையில் காத்திருந்தவள்போல அவள் நின்ற விதத்தில் எனக்கு நீலக் கார் போன வருத்தம்கூட ஒரு கணம் மறந்துபோயிற்று.

விலையில் ஒரு பைசாகூட அவள் பேரம் பேசவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் உள்ளங்கை அரித்தது. எழுத வேண்டியதை எழுதி முடித்ததும் பையிலிருந்து சோம்புக் கட்டியை எடுத்து, சாம்பல் காரின் முன்மூடியில் துணி விரித்து வைத்து, நூலால் அறுத்தாள். கூடவே கறுப்பு ரொட்டி. எங்களில் வாங்கல் விற்றல் முடிந்தால் ஒன்றாக உட்கார்ந்து ஏதாவது சாப்பிடவேண்டும். அதுவரை பொருள் கைமாறியதாகக் கணக்கில்லை. உக்னே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அன்பளிப்பு எதுவும் நாங்க வாங்கக் கூடாதும்மா."

"இது அன்பளிப்பு இல்ல கண்ணு. நீ சாப்பிடலைன்னா காரு இன்னும் உன்னுதுதான். நான் பஸ்ஸுலதான் போகணும்."

அந்தப் பெண் திரும்பித் தன் மேலாளரைப் பார்த்தாள். அவர் முதலில் வந்து ஒரு துண்டு எடுத்தார். பிறகு காபி இயந்திரத்தின் பக்கம் நின்றவர்கள், கணினிக்குப் பின்னால் இருந்தவர்கள், காரைக் கழுவுகிறவர் என்று கூடம் மொத்தமும் அந்தக் குளிரில் வெளியே வந்து கார் முன்மூடியைச் சுற்றி நின்று மென்றது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். எதிராளியின் வியாபாரம் முடிந்த சந்தோஷத்தை நானும் சாப்பிட்டேன். 

"நான்னா ரெண்டு டயர் சேத்துக் குடுத்திருப்பேன்" என்றேன், அவள் காரில் ஏறும்போது.

"குடுத்திருப்பே. அந்த வாத்தியாரம்மா போட்டுத் தேச்ச டயரு."

அடுத்த வாரம் கிண்டாரஸ் சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். தெக்லே காரை மாட்டுக் கொட்டகையில் கட்டியிருக்கிறாளாம். சிரிப்பதற்கென்றே இருவரும் போனோம். உண்மைதான். கறுப்பி, புள்ளிக்காரி என்ற இரண்டு மாடுகளுக்கும் நடுவே, வைக்கோல் பரப்பில், சாம்பல் கார் நின்றது. பிரானஸ் கூரையிலிருந்து இறக்கியிருந்த கம்பி அதன் பக்கவாட்டில் செருகியிருந்தது. வெளியே மூக்குமயிர் உறைகிற குளிர்; கொட்டகைக்குள் மாடுகளின் மூச்சில் என் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. புள்ளிக்காரி காரின் பக்கக் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தாள். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது என்று தெரிந்ததும் இவள் காரையே சூடு இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். சூடாக இருக்கிற பேட்டரி குளிரில் கிடந்த பேட்டரியைவிட நெடுநேரம் தாங்கும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் என் கார்கள் அத்தனையும் திறந்தவெளியில்தான் நிற்கின்றன.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னேன்: "மாட்டு மூத்திரக் காத்துல இரும்பெல்லாம் அரிச்சுப் போயிடும், தெக்லே."

சாணியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "இரும்பு அரிக்கப் பத்து வருஷம் ஆகும். பிரானஸுக்கு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி."

திரும்பி வரும் வழியில் கிண்டாரஸ் சாவியைக் குலுக்கவில்லை. 

அவள் காரை எங்கே பார்த்தாலும் இப்போது அடையாளம் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது டயரில் வைக்கோல் ஒட்டியிருக்கும். கதவைத் திறந்தால் பால்வாடை. நர்ஸுகள் "பிரானஸுடைய மாடு வந்தாச்சு" என்கிறார்கள். தள்ளுவண்டி போய், இப்போது அதன் பின்பக்கத்தைத் திறந்து வைத்துத்தான் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறாள். சந்தைக்காரர்களை உட்காரவிடமாட்டாள். "உன் பொய்யெல்லாம் சீட்டுல ஒட்டிக்கும், எழுந்திரு" என்பாள்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம் கல்வாரியா பக்கம் போய்க்கொண்டிருந்தேன். காற்று கிளம்பியது. முன்னால் எங்கேயோ ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே கவிழ்ந்து, வரிசையாக எல்லா வண்டியும் நின்றன. என்னுடையது பெரிய டீசல் வண்டி, சந்தையிலேயே பெரியது. போலந்து எல்லையில் இலையுதிர்காலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று நிரப்பி வைத்திருந்த டீசல் அந்தக் குளிரில் கூழாகிப்போனது. எஞ்சின் இருமியது, அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இறங்கி வரிசையோரமாக நடந்தேன். எல்லாக் கண்ணாடியிலும் பனிப்பூ பூத்திருந்தது. ஒரே ஒரு காரின் கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது. உள்ளே முழங்கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

கண்ணாடியைத் தட்டினேன்.

"சீக்கிரம் ஏறு, கதவை மூடு, சூடு போகுது" என்றாள் தெக்லே.

முன் இருக்கையில் பிரானஸ், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவன், கழுத்துவரை போர்வை. பின்னால் முன்பின் தெரியாத ஒரு பெண், மடியில் தூங்குகிற கைக்குழந்தை. அவர்களையும் வேறேதோ வண்டியிலிருந்து இவள்தான் இழுத்துப் போட்டிருக்கிறாள். தம்பிக்காகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த சூடு அது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அதில் ஒரு பங்கு வெளியே போகும். அதைத் தெரிந்துகொண்டுதான் திறக்கிறாள். நான் பின்னால் ஒண்டிக்கொண்டேன். பேட்டரிச் சதவீதம் காட்டுகிற இடத்தின் மேல் பின்னி முடித்த காலுறை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு இருக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"இருக்கு" என்றாள். பின்பார்வைக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, தம்பியை நோக்கிக் கண்ணைக் காட்டினாள். அவன் அந்த எண்ணையே பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலுறையைத் தூக்கிப் பார்க்க எனக்கும் துணிவில்லை.

பிரானஸின் பல் அடித்துக்கொள்ளவில்லை. நெற்றியில் லேசாக வியர்வைகூட இருந்தது. "கறுப்பி வாசனை வருது" என்று கண்ணை மூடியபடி சொல்லிச் சிரித்தான். குழந்தை விழித்தது, பால் குடித்தது, மறுபடி தூங்கியது. ஊசிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தமும் ஹீட்டரின் மூச்சும் மட்டும். இரண்டாவது காலுறை குதிகாலைத் தாண்டி விரலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெரிய பெரிய எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன், கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சின்னக் காருக்குள் இருந்ததுபோல ஓர் இடத்தில் நான் இருந்ததில்லை.

வெகுநேரம் கழித்து முன்னால் பனி அகற்றுகிற வண்டியின் மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது. பிரானஸ் மூச்சை விட்டான். தெக்லே காலுறையை எடுத்தாள். அறுபத்தொரு சதவீதம் என்று இருந்தது. எனக்கு என் நீலக் கார் ஞாபகம் வந்தது. அது இன்னும் சந்தையில்தான் பனியில் நிற்கிறது. சும்மா இருந்திருக்கலாம். வியாபாரியின் வாய் சும்மா இருக்காது.

"என் வண்டியா இருந்திருந்தாலும் இப்படித்தான் தாங்கியிருக்கும், தெக்லே" என்றேன்.

அவள் திரும்பி, ஒரு பின்னல் ஊசியை நீட்டி, அதன் முனையால் என் தொப்பியின் காதுமடலைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாக நான் அவளுடைய சூட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். காது சிவந்ததற்குக் குளிரைச் சொல்ல வழியில்லை. குழந்தையோடு இருந்த பெண்ணும் என்னவென்று எட்டிப் பார்த்தாள். தெக்லே ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு மடல்களையும் கீழே இறக்கி, யார் கண்ணுக்கும் காது தெரியாதபடி நாடாவை என் தாடைக்கு அடியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.